மருந்துக்கு ரசீது எங்கே?

பொன்னின் மாற்றுப் பார்க்கத் தனி வாரியம் வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்தில் அமர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் அமர முடியாது. 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், கல்லிலே வெட்டி வைத்த விதி இது. வேதமும் நிலமும் உடையவர்கள் கூடிய சபை அது, ஏர் பிடித்தவனுக்கு அங்கே இடமில்லை என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனாலும் கணக்குக் கேட்ட பழக்கம் நல்ல பழக்கம்.

பொன்னுக்கு மாற்றுப் பார்த்தார்கள், சரி. மருந்துக்கு?

எங்கோ நடந்த கதை அல்ல தோழர்களே, இதே காஞ்சி மாவட்டத்துக் கதை! சுங்குவார்சத்திரத்திலே ஓர் ஆலை, ஸ்ரீசன் பார்மா என்று பெயர். அங்கே தயாரான 'கோல்ட்ரிப்' இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவுக்குப் போயிற்று. 2025-இல் அதைக் குடித்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல், சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். பெற்ற தாய், பிள்ளையின் இருமல் தீரவேண்டுமென்று தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்த மருந்து! அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்-13 என்ற தொகுதியைச் சோதித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று விட்டுவைத்த எல்லை 0.1 சதவீதம். பிரேக் எண்ணெயில் சேர்க்கிற சரக்கு, பிள்ளையின் தொண்டையில் இறங்கியிருக்கிறது.

மருந்தைக் கரைக்க வாங்கிய சரக்குக்கு ரசீதே இல்லை என்று ஆய்வில் வெளிப்பட்டது. ரசீது இல்லை! இந்த ஒரு வரியைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் ரத்தாயிற்று. உரிமையாளர் கைதானார். ஆலையை முறையாக ஆய்வு செய்யாத மூத்த ஆய்வாளர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நடவடிக்கை நியாயமே, ஆனால் பிள்ளைகள் போன பிறகு வந்த நியாயம். இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் நூறு உயிருக்கு மேல் குடித்தது. 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைக்கு வந்தது, 2022-இல் காம்பியாவுக்குப் போனது. பாடம் படிக்க இன்னும் எத்தனை பாடை வேண்டும்?

கடைக்காரர் என்ன செய்வார், புட்டியைத் திறந்தா பார்க்க முடியும் என்று கேட்பீர்கள். உண்மைதான். நிறமில்லாத, இனிக்கிற திரவம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்லவேண்டும். அரசு மருத்துவமனைக்கு மருந்து வாங்குகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தொகுதி தொகுதியாகச் சோதித்த பிறகே வழங்குகிறது. தனியார் கடை அலமாரிக்கு வருகிற ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தக் காவல் இல்லை.

அதனால்தான் கடைக்காரரின் கடமை பெரிதாகிறது. உரிமம் பெற்றவரிடம் மட்டும் ரசீதோடு கொள்முதல் செய்யவேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இன்சுலினை வைக்கவேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவேண்டும். எச்-1 பட்டியல் மருந்துகளைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் சேர்த்து, 3 ஆண்டு காக்கவேண்டும். காலாவதியானதை விற்பனை அலமாரியிலிருந்து எடுத்துவிடவேண்டும். குழந்தைக்கு என்றால் வயதைக் கேட்கவேண்டும்: கோல்ட்ரிப்பில் இருந்தது போன்ற சளி மருந்துக் கலவையை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாதென்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

கேட்பது யார்? சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து தருவது பதிவு பெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில் நடக்கவேண்டும். சில கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரிலே தொங்குகிறது, சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ இருக்கிறார்! சுவருக்கா மருந்து தெரியும்? எட்டாம் வகுப்போடு நின்ற பையன் எடுத்துக் கொடுக்கிறான். அவனைக் குறை சொல்லமாட்டோம், அவனும் கூலிக்காரனே. சான்றிதழை வாடகைக்கு விட்டவரையும், வாடகைக்கு எடுத்தவரையும்தான் கேட்கிறோம். ஒழுங்காக நடத்தும் கடைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களைச் சுடாது.

ஒரகடத்தில் ஷிப்டு முடித்து, இரவு பத்து மணிக்கு உத்திரமேரூர் திரும்பும் தோழன், பிள்ளைக்கு மருந்து வாங்க நிற்கிறான். ரசீது கேட்க அவனுக்குக் கூச்சம். "இருபது ரூபாய் மருந்துக்கு எதற்குப் பில்லு?" என்பார்கள் என்ற அச்சம். தோழனே, எஸ்.ஆர்-13 ஆபத்து என்று நாளை அறிவிப்பு வந்தால், நீ வாங்கியது அதுதானா என்று எதைப் பார்த்துச் சொல்வாய்? தொகுதி எண் எழுதிய ரசீது இருந்தால், புட்டி தீர்ந்தாலும் தடம் தீராது. கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து ஆலைக்கும் அந்தத் தடத்திலேயே போகலாம்.

கிளைக்கழகத் தோழர்கள் கடையை மறிக்கவோ கடைக்காரரை மிரட்டவோ வேண்டாம். அது ஆய்வாளர் வேலை. வீட்டுக்கு ஒருவர் தொகுதி எண்ணோடு ரசீது கேட்டு வாங்கட்டும். கொடுக்க மறுக்கிற கடையின் பெயரை எழுதி, காஞ்சிபுரம் மருந்து ஆய்வாளருக்கு மனுக் கொடுங்கள். மனுவுக்கும் மறக்காமல் ரசீது வாங்குங்கள்.