நோய் நம்முடையது, குறிப்பேடு யாருடையது?

ருமேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி ஜெர்மனிக்குப் போன கட்டடத் தொழிலாளி ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் சாரத்தில் ஏறி உழைப்பதற்கு நாட்டு எல்லை தடையில்லை. அவன் உழைப்பில் விளையும் லாபம் எந்த நாட்டு பாங்கிக்குப் போவதற்கும் தடையில்லை. ஆனால் அவனுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த படமும் சதைப் பரிசோதனை முடிவும் அவனோடு எளிதில் எல்லை தாண்டி வருவதில்லை. மறுபடியும் படம், மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் காத்திருப்பு! நோயாளி காத்திருப்பான், புற்றுநோய் காத்திருக்குமா?

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி, 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்திருக்கிறது. ஐரோப்பிய சுகாதாரத் தகவல் வெளி என்பது அதன் பெயர். 2025 மார்ச் 26ந் தேதி அது அமுலுக்கு வந்தது. ஆனால் பலனைத் தவணை முறையில்தான் தருகிறார்கள். நோயாளியைப் பற்றிய சுருக்கக் குறிப்பும் மருந்துச் சீட்டும் எல்லை தாண்ட 2029 மார்ச் வரை தவணை. படங்களும் பரிசோதனை முடிவுகளும் எல்லை தாண்ட 2031 மார்ச் வரை தவணை. புற்றுநோயாளிக்கு உயிரான சரக்கு இரண்டாவது தவணையில் இருக்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் எல்லை தாண்ட வேண்டும்?

புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. நூற்றுக்கணக்கான நோய்களின் கூட்டம். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்கிறார்கள். தனித்தனியே அரியவை, எல்லாவற்றையும் கூட்டினாலோ ஐரோப்பாவில் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தக் கணக்கில் வருகிறார்! ஒரு சிறிய நாட்டு டாக்டர் தம் ஆயுளில் அப்படிப்பட்ட நோயாளிகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருப்பார். பல நாட்டு அனுபவம் ஒன்று சேர்ந்தாலன்றி அங்கே வைத்தியம் தேறாது. அதனால்தான் 2017 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஆஸ்பத்திரிகள் வலையமைப்புகளாகச் சேர்ந்து, நோயாளியின் சம்மதம் பெற்று, அவருடைய குறிப்புகளைப் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பார்க்கிறார்கள். நோயாளி ஊரிலேயே இருக்கிறார். அவருடைய தகவல் பயணம் செய்கிறது. இது நல்ல ஏற்பாடு. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆகவே தகவல் எல்லை தாண்டலாமா என்பதல்ல கேள்வி. யார் சொல்லி அது தாண்டுகிறது என்பதே கேள்வி.

எடுத்தவர்களும் கொடுத்தவரும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1951ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், கருப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். அவர் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்கள், அவரையோ குடும்பத்தையோ கேட்காமலே பெருக்கப்பட்டு, உலக ஆராய்ச்சிக்கூடங்களுக்கெல்லாம் போயின. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை உதவின. அவற்றை விற்றுக் கம்பெனிகள் பணம் பார்த்தன. குடும்பத்துக்கு இந்த விஷயம் தெரிய வந்ததே 1970களில்தான்!

அத்தோடு முடிந்ததா? 2013ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர விஞ்ஞானிகள் அந்த உயிரணுவின் மரபுக் குறிப்பு முழுவதையும் உலகறிய வெளியிட்டார்கள். பேரன் பேத்திகளின் உடல் இரகசியமும் அதில் அடக்கம். அவர்களை யாரும் கேட்கவில்லை. கண்டனம் எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்தக் குறிப்பை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தார் இருவருக்கு இடம் கிடைத்தது. கேட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்றார்களே, நின்றதா? நிற்கவில்லை! கேட்டுச் செய்தார்கள், ஆராய்ச்சியும் நடந்தது.

இதற்கு நேர்மாறான கதை இத்தாலியில் நடந்தது. சல்வத்தோரே யாகோனேசி என்ற கலைஞருக்கு 2012ல் மூளையில் புற்றுக்கட்டி என்று கண்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் தம் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். கம்ப்யூட்டரில் கிடைத்தவை, சாதாரண மனிதர் திறந்து படித்துப் பிறருக்கு அனுப்ப முடியாத வடிவத்தில் இருந்தன. பொறியியல் படித்தவரானதால் பூட்டை அவரே திறந்தார். வேறு வடிவத்துக்கு மாற்றி உலகத்தார் பார்வைக்கு வைத்தார். பல நாட்டு டாக்டர்களும், அதே நோய் கண்டவர்களும் ஆலோசனை எழுதினார்கள். 2013ல் அறுவை சிகிச்சை நடந்தது. 2022ல் அவர் காலமானார். நோயை வென்றார் என்று நாம் சொல்லவில்லை. தம் நோயின் குறிப்பைத் தாமே ஆண்டார் என்கிறோம்.

ஆனால் சாரத்தில் ஏறி உழைப்பவனுக்குக் கம்ப்யூட்டர் பூட்டைத் திறக்கத் தெரியுமா? ஒருவர் தம் படிப்பால் பெற்றதை, படிக்காதவனும் பெறச் செய்வதற்குத்தானே சட்டம்!

சட்டத்தில் நல்லதும் குறையும்

அந்த அளவில் ஐரோப்பியச் சட்டம் ஒரு முன்னேற்றமே. நோயாளி தன் குறிப்பைச் செலவின்றிப் பார்க்கலாம். இன்ன பகுதியை இன்னார் பார்க்கக் கூடாது என்று தடுக்கலாம். யார் பார்த்தார்கள் என்று கணக்குக் கேட்கலாம். இன்சூரன்ஸ் கட்டணத்தை உயர்த்தவோ, வேலை கொடுக்க மறுக்கவோ, விளம்பரம் செய்யவோ அந்தத் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையும் இருக்கிறது.

குறை எங்கே? ஆராய்ச்சிக்கென்று தகவலைக் கொடுக்கும் பகுதியில். மருந்துக் கம்பெனியும் அனுமதி கேட்டு அதைப் பெறலாம். பெயரை நீக்கியோ மறைத்தோ, காவலுள்ள இடத்தில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள், உண்மை. ஆனால் நோயாளியிடம், “கொடுக்கிறாயா?” என்று கேட்பதில்லை. அவனாக முன்வந்து, “கொடுக்க மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும், பொதுநலன் கருதிச் சில காரியங்களுக்கு எடுத்துக்கொள்ள அந்தந்த நாட்டு சர்க்கார் சட்டம் செய்யலாம்.

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் சொல்லும் வழக்கு. கம்பெனிக் கணக்கில் அது செல்லுமா? இரவு ஷிப்டு முடித்து வருபவன், அந்நிய மொழியில் அச்சிட்ட அறிவிப்பைத் தேடிப் படித்து, மறுப்பு எழுதுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

எதிர்த்தரப்பு வாதத்தையும் நாம் மறைக்கவில்லை. ஒவ்வொருவரையும் கேட்டால் படித்தவரும் வசதியுள்ளவருமே பதில் சொல்வர். ஏழையின் நோய் கணக்கில் வராமற் போகும் என்கிறார்கள். இது தள்ளத்தக்க வாதமன்று. எந்த ஊரில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் என்று சர்க்கார் எண்ணும் பதிவேட்டில் ஒருவர்கூட விடுபடக் கூடாது. ஆனால் தலைகளை எண்ணுவது வேறு. ஒருவனின் படத்தையும் மரபுக் குறிப்பையும் முழுதாகக் கம்பெனி மேஜையில் வைப்பது வேறு. முன்னதற்குச் சட்டம் போதும். பின்னதற்கு அவன் வாயால் சம்மதம் வேண்டும். அவன் தாய்மொழியில், அவனுக்குப் புரியும்படி கேட்டுப் பெற்ற சம்மதம் வேண்டும். அவன் தகவலால் பிறந்த மருந்து அவனுக்கே எட்டாத விலையில் திரும்பி வராதபடி பாதுகாப்பும் வேண்டும்.

நமக்கும் உண்டு பங்கு

ஐரோப்பாவின் விவகாரம் நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். இந்தியப் பார்லிமெண்டு 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. எந்த நாட்டுக்குத் தகவல் போகக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம் அதில் மத்திய சர்க்காருக்கு இருக்கிறது. ஆனால் என் குறிப்பை நான் சொல்லும் வெளிநாட்டு டாக்டருக்கு, அவர் படிக்கும் வடிவத்தில் ஆஸ்பத்திரியே அனுப்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு அதில் இல்லை. நிபந்தனைக்குட்பட்ட ஆராய்ச்சிக்கோ சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு! கதவை மூடும் சாவி சர்க்காரிடம். திறக்கும் சாவி நோயாளியிடம் இல்லை.

தொழிற்சங்கத் தோழர்கள் கூலியையும் போனஸையும் பேசும் மேடையில் இதையும் பேச வேண்டும். ஆஸ்பத்திரியை விட்டு வரும் ஒவ்வொருவரும் தம் ரிப்போர்ட்டையும் படத்தையும் கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும். கொடுப்பதற்கு உழைப்பாளி என்றும் தயங்கியவனல்லன். அடுத்தவன் பிழைக்க இரத்தமே கொடுத்தவன் அவன். அவனைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறோம். கேளாமல் எடுப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியல்ல!