தொட்டுப் பார்க்காமல் துணி வாங்கலாமா?

வியாசர்பாடியில் ஜவுளிக்கடை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது!

காலை பதினொரு மணி. முதுகில் மூட்டை போன்ற பையுடன் ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். "எந்த பிளாக் அம்மா?" என்று செல்போனில் கேட்கிறார். மூன்றாவது மாடியில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. பொட்டலம் மேலே போகிறது. பணம் கீழே வருகிறது. உள்ளே இருப்பது புடவையா, சுடிதாரா, பையன் கேட்ட கால்பந்து ஜெர்சியா? பிரித்தால்தான் தெரியும்.

எம்.சி. ரோட்டுக்குப் போய்த் துணி எடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. பண்டிகை வந்தால் பழைய வண்ணாரப்பேட்டையில் இன்றும் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் பிறந்தநாள், கல்லூரி விழா, உறவினர் கல்யாணம் என்று நடுவில் வரும் தேவைக்கெல்லாம் பல வீடுகளில் செல்போன்தான் கடை.

இது எப்படி வந்தது?

ஃபிளிப்கார்ட், மிந்த்ரா இரண்டும் 2007-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனிகள். முதலில் அவை பாங்கு அட்டை வைத்திருப்பவர்களின் கடையாகவே இருந்தன. 2010-ல் ஃபிளிப்கார்ட், "பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்" என்றது. கூட்டம் சேர்ந்தது. 2016-ல் ஜியோ வந்து இன்டர்நெட் மலிவாயிற்று. அதே ஆண்டில் யு.பி.ஐ. வந்து செல்போனே பணப்பை ஆயிற்று. மீஷோ என்ற இன்னொரு பெங்களூர் கம்பெனி 2015-ல் பிறந்தது. அது மலிவு விலைத் துணியைக் கொண்டு ஏழை, நடுத்தர வீடுகளைப் பிடித்தது.

வாசலுக்கு ஜவுளி வருவது நமக்குப் புதிதா? இல்லை. தவணைக்காரர் மூட்டை சுமந்து தெருத்தெருவாக வந்தாரே! அவர் மூட்டையை அவிழ்ப்பார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து முந்தானையைப் பிரிப்பார்கள், கசக்கிப் பார்ப்பார்கள். சாயம் போனால் அடுத்த தவணைக்கு வரும்போது அவரைப் பிடித்துக்கொள்ளலாம். இப்போது அந்த இரண்டுமே இல்லை. துணி கைக்கு எட்டாது. விற்றவர் முகம் தெரியாது.

துணி தெரிந்த ஊர்

துணியைப் பற்றி வடசென்னைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலெட்பேட்டைதான் காலடிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. வியாசர்பாடிக்குப் பக்கத்திலேயே பி அண்ட் சி மில் இருந்தது. அதன் காக்கித் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போயிற்று. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களால்தான். 1996-ல் மில் மூடப்பட்டது.

அங்கே தறி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று படத்தைப் பார்த்துத் துணி வாங்குகிறார்கள். தாத்தா விரலால் தடவியே துணியின் தரத்தைச் சொல்லிவிடுவார். கண்ணாடித் திரையைத் தடவினால் என்ன தெரியும்?

திரையில் "சாஃப்ட் சில்க்" என்று போட்டிருக்கும். 400 ரூபாய்க்குப் பட்டுப் புடவை வருமா? படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் துணியின் வகை இருக்கும். அதைப் படியுங்கள். "ஆர்ட் சில்க்", "பாலி சில்க்" என்றால் அது பட்டுப்பூச்சி தந்த பட்டு அல்ல. அசல் பட்டுக்கு "சில்க் மார்க்" முத்திரை உண்டு. பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை வெயிலில் அதைக் குழந்தைக்குப் போட்டால் வேர்க்குருதான் மிச்சம். ரேயான் மரக்கூழில் இருந்து எடுக்கும் நூல். மெத்தென்று இருக்கும், சலவையில் சுருங்கக்கூடும். "காட்டன் பிளெண்ட்" என்றால் பருத்தியோடு வேறு நூல் கலந்தது. எவ்வளவு பருத்தி என்று சொல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அளவு இன்னொரு தொல்லை. ஒரு கம்பெனியின் "எல்" இன்னொரு கம்பெனிக்கு "எம்". இந்தியர் உடம்புக்கென்று எல்லாக் கம்பெனியும் பின்பற்றும் பொது அளவு கிடையாது. இதற்காகவே நிஃப்ட் என்ற அரசு ஆடைக் கல்வி நிறுவனம், 6 நகரங்களில் 25 ஆயிரம் பேருக்கு அளவெடுக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அது கடைக்கு வந்து சேரும்வரை எழுத்தை நம்பாதீர்கள். நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரியுங்கள். அக்குளில் இருந்து அக்குள் வரை டேப் வைத்து அளந்து, அதை இரட்டியுங்கள். திரையில் உள்ள மார்பளவோடு ஒப்பிடுங்கள். சில அட்டவணையில் உடம்பின் அளவு இருக்கும், சிலவற்றில் துணியின் அளவு இருக்கும். எது என்று கவனிக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரே துணி, இரண்டு விலை

விலை எப்படிக் குறைகிறது? ஆன்லைனில் விற்பவருக்குக் கடை வாடகை இல்லை. சூரத்திலும் திருப்பூரிலும் தைப்பவர்களே நேராக அனுப்பலாம். 2021-ல் மீஷோ விற்பவரிடம் கமிஷன் வேண்டாம் என்று அறிவித்தது. விளம்பரத்திலும் பார்சல் கூலியிலும் அது சம்பாதிக்கிறது.

ஆனால் திருப்பி அனுப்பும் துணிக்குப் போகவும் கூலி, வரவும் கூலி. அதை யாராவது கொடுத்தாக வேண்டுமே! ஆகவே சில ஆப்களில் ஒரே துணிக்கு இரண்டு விலை காட்டுகிறார்கள். குறைந்த விலைக்கு எடுத்தால், கிழிந்ததோ மாறி வந்ததோ மட்டும்தான் ரிட்டர்ன். அளவு சரியில்லை என்றால் திருப்ப முடியாது. சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் பிடிக்கவில்லை என்றாலும் திருப்பலாம். புடவைக்கு அளவு இல்லை. குறைந்த விலை போதும். சுடிதார், பேண்ட் என்றால் கூடுதல் விலையே நல்லது. இருபது முப்பது ரூபாயை மிச்சம் பிடித்து நானூறு ரூபாயைப் பரணில் போடுவது என்ன கணக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் வியாபாரத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020 ஜூலையில் வந்தன. விற்பவரின் பெயர், முகவரியை ஆப் காட்ட வேண்டும். பழுதான துணியையோ, சொன்னபடி இல்லாத துணியையோ திரும்ப வாங்க மறுக்கக்கூடாது. புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நல்ல விதிதான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் ஒரு சுடிதாருக்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது? சின்னத் தொகைக்குச் சட்டம் நீளம். ஏழையின் பொறுமை குட்டை. அவர்களுக்குக் கைகொடுப்பது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்தான். முதலில் ஆப்பிலேயே புகார் கொடுத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் முகவரி இல்லாத கடைகள் வேறு ரகம். பணம் முன்னால் கேட்பார்கள். பிறகு மறைந்துவிடுவார்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று பேசுபவர்களும் உண்டு. சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது பிடித்துக்கொண்டால் போதும். துணி மாறி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. டெலிவரி வாலிபரோடு சண்டை வேண்டாம். அவர் அந்தத் துணியைத் தைக்கவில்லை, விற்கவும் இல்லை. இவரைப் போன்றவர்களுக்கென்று தமிழக அரசு 2023-ல் தனி நலவாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்துவிட்டாரா என்று வேண்டுமானால் கேளுங்கள்.