அந்தக் கதவைத் திறந்தவர்கள்



நம் கும்பகோணத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும், பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் வீடு ஒன்று தென்படும். மகள் பிரசவத்துக்குச் சாம்பார் பொடியும் வடாமும் கட்டிக்கொண்டு போய், ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறோம். நயாகரா பார்த்தாயிற்றா, பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்கிறோம். விசா, டாலர், கிரீன் கார்டு எல்லாம் நமக்கு அத்துப்படி.

ஆனால், அந்த நாடு நம் பிள்ளைகளை எப்போது, ஏன் உள்ளே விட்டது என்று கேட்டிருக்கிறோமா?

1917-ல் வந்த சட்டம் இந்தியர்கள் குடியேறுவதையே தடுத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத்சிங் திண்ட் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டபோது, அவர் வெள்ளையர் இல்லை என்று 1923-ல் உச்ச நீதிமன்றமே கைவிரித்தது. 1946-ல் மனம் இரங்கி, ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். இந்தியா முழுவதற்கும் நூறே பேர்!

1965-ல்தான் இன்ன நாட்டுக்காரர் என்று பார்த்து ஓரவஞ்சனை செய்த அந்தக் கோட்டா முறை ஒழிந்தது. சும்மா ஒழியவில்லை. பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், அதன்பின் 381 நாள் பஸ்ஸே ஏறாமல் வேலைக்கு நடந்த மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், அடிபட்டுச் சிறை போனவர்கள்... நிறம் பார்த்து மனிதரை ஒதுக்குவது வெட்கக்கேடு என்று அந்த நாட்டுக்கு உறைக்க வைத்தவர்கள் இவர்கள்தான். அந்தச் சூட்டில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது.

அவர்கள் போராடிய விதம் நமக்குப் புதிதா என்ன? 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்த உப்பு யாத்திரை நம் ஊர் வழியாகத்தான் போனது. யாத்திரை போவோருக்குச் சோறு போட்டால் சிறை என்று கலெக்டர் தோர்ன் மிரட்டியும், சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள் டெல்டா ஜனங்கள். காந்தி காட்டிய அந்த அறவழியைத்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் எடுத்துக்கொண்டார்.

1959-ல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளிடம் அவரையும் அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் என்றே அறிமுகம் செய்தார்கள். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்து, உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, "கறுப்பர்கள் இருக்கிற ஏரியாவில் வீடு பார்க்காதேப்பா" என்று போனில் நாமே சொல்லலாமா? பல வீடுகளில் சொல்கிறோம். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. சரித்திரம் படித்து என்ன ஆகப்போகிறது என்கிறோமே, இதற்குத்தான் சரித்திரம்.

அடுத்த முறை போகும்போது, முடிந்தால் அட்லாண்டாவில் கிங் பிறந்த தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே காந்திக்கும் சிலை இருக்கிறது. பேரன் பேத்திகளையும் கையோடு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்