ராஜா, மந்திரி, பேராசை ஓநாய்!

"உங்கள் பெண்ணின் ஜாதகத்தில் களத்திர ஸ்தானத்தில் 'ஏழு கொலை' உட்கார்ந்திருக்கிறது" என்று ஒரு ஜோசியர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அன்றிரவு தூக்கம் வருமா? தைவானிலும் ஹாங்காங்கிலும் இப்படித் தூக்கத்தைத் தொலைத்த பெற்றோர் உண்டு. 'ஏழு கொலை' என்பது ஒரு நட்சத்திரத்தின் பெயர். 'ச்சீ ஷா' என்பார்கள். அதைக் கண்டு மிரளுவதற்கு முன், அந்த ஜோசியத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், வாருங்கள்.

எலி வருஷம், புலி வருஷம் என்று மிருகங்களை வைத்துச் சொல்வார்களே, அது அல்ல இது. இதன் பெயர் 'ட்ஸுவெய் தௌஷு'. ட்ஸுவெய் என்பது துருவ நட்சத்திரத்தைச் சேர்ந்த பெயர். தௌ என்பது நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அது. பத்தாம் நூற்றாண்டில் ஹுவா மலையில் வாழ்ந்த சென் துவான் என்ற தாவோ துறவியின் பேரில் இந்தச் சாஸ்திரம் வழங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், நட்சத்திர ஜோசியம் என்று பெயரே தவிர, வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம்! சந்திரமானப்படி பிறந்த வருஷம், மாதம், நாள், நாழிகை நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு, பதினான்கு முக்கிய நட்சத்திரங்களைப் பன்னிரண்டு வீடுகளில் நிரப்புகிறார்கள். அது ஒரு ராஜசபை.

நடுநாயகம் ட்ஸுவெய். அவர்தான் சக்கரவர்த்தி. எல்லா நட்சத்திரங்களும் துருவத்தைச் சுற்றுவதால், பூலோகச் சக்கரவர்த்தியும் அப்படித்தான் என்று சீனர்கள் நினைத்தார்கள். பீகிங்கில் 1420இல் கட்டி முடித்த அரண்மனைக்கு 'ஊதா நிறத் தடை நகரம்' என்று பெயர் வந்ததும் இந்த நட்சத்திரத்தால்தான். லக்னத்தில் ட்ஸுவெய் இருந்தால் யோகம் என்று துள்ளிக் குதித்துவிடாதீர்கள். இடது உதவியாளர், வலது உதவியாளர் என்ற இரண்டு சிறு நட்சத்திரங்கள் துணைக்கு வராவிட்டால், அவர் படை பரிவாரமில்லாத தனிமை ராஜா. அதிகாரம் மட்டும் மிச்சம், கேட்பார் யாருமில்லை. (இப்படிப்பட்டவர் நம் வீடுகளிலும் ஒருவர் இருப்பார்!)

தியென் ஃபு கஜானா. தியென் ஜி யோசனை சொல்லும் மந்திரி. தியென் தொங் குழந்தை மனசு. சூரியன் பகல் வீடுகளில் இருந்தால் பிரகாசம், இராத்திரி வீடுகளில் மங்கல். ஜு மென் என்ற 'பெரிய வாசல்' வாயைக் குறிக்கும். வீட்டில் இருந்தால் சண்டை, வக்கீலுக்கும் வாத்தியாருக்கும் இருந்தால் சோறு. தியென் லியாங் நிழல் தரும் பெரியவர், ஆபத்திலிருந்து காப்பாற்றுவார். காப்பாற்றுவதற்கு முதலில் ஆபத்து வர வேண்டுமே என்று ஜோசியர்களே சொல்வதுண்டு!

இனி அந்த மூன்று பேருக்கு வருவோம். ஏழு கொலை, 'படை உடைப்பான்' என்ற போ ஜுன், 'பேராசை ஓநாய்' என்ற தான் லாங். ஷா, போ, லாங் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். 2005இல் ஹாங்காங்கில் இதே பெயரில் ஓர் அடிதடிப் படம் வந்தது என்றால், பெயரின் மகிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நட்சத்திரங்களுக்கு மிங் காலத்து நாவலான 'ஃபெங்ஷென் யென்யி'யின் பாத்திரங்களைப் பொருத்திச் சொல்வது ஜோசியர் வழக்கம். ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் ஜோவ், படை உடைப்பான். அவனை மயக்கி ராஜ்யத்தையே கவிழ்த்த தாஜி, பேராசை ஓநாய். சரி, ஏழு கொலை யார்? பெரிய கொலைகாரன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஹுவாங் ஃபெய்ஹு என்ற விசுவாசமான சேனாதிபதி. அரசன் அவன் மனைவியிடம் முறைதவறி நடக்க முயல, அவள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டாள். தட்டிக் கேட்ட அவன் தங்கையை அரசன் மாடியிலிருந்து தள்ளிக் கொன்றான். அதற்குப் பிறகுதான் ஹுவாங் எதிரணிக்குப் போனான். மாண்டுபோன அந்த மனைவிதான் சந்திரன். பெயரில் கொலையைச் சுமப்பவன், கதையில் அநியாயத்துக்கு ஆளானவன்!

களத்திரத்தில் ஏழு கொலை இருந்தால் கல்யாணமே நடக்காது என்றும் சாஸ்திரம் சொல்லவில்லை. அவசரப்படாமல் சற்றுத் தாமதமாகச் செய்யுங்கள் என்றுதான் பலன் சொல்கிறார்கள். தவிர, இன்னொரு விஷயம். பதினான்கு நட்சத்திரங்களும் எல்லார் ஜாதகத்திலும் உண்டு. ஷா, போ, லாங் மூன்றும் நாலு நாலு வீடு தள்ளி எல்லாருக்கும் எங்காவது உட்கார்ந்துதான் இருக்கும். பயமுறுத்தும் ஜோசியருக்கும்தான்!

இருக்கும் இடம் மட்டுமல்ல, பிறந்த வருஷமும் பலனை மாற்றும். 1984, 1994 போல நாலில் முடியும் சீன வருஷத்தில் பிறந்தவர்களுக்குப் படை உடைப்பான் அதிகாரம் தருவான். எல்லாரும் கொண்டாடும் சூரியன் அவர்களுக்குத் தடங்கல் செய்வான்.

கடைசியாக ஒரு கணக்கு. வருஷச் சுற்று 60, மாதம் 12, நாள் 30, நாழிகைப் பிரிவு 12. பெருக்கினால் 2,59,200 ஜாதகங்கள். அதிக மாதம் இந்தக் கணக்கில் சேரவில்லை. உலக ஜனத்தொகை இன்று 800 கோடிக்கு மேல். ஆக, உங்கள் ஜாதகம் இன்னும் முப்பதாயிரம் பேரிடமாவது இருக்கிறது. ஒரு நாழிகைப் பிரிவு நம் கடிகாரத்தில் இரண்டு மணி நேரம். காலை 9 மணி 5 நிமிஷத்துக்கும், அதே நாள் 10 மணி 55 நிமிஷத்துக்கும் பிறந்த குழந்தைகளுக்கு ஒரே ஜாதகம். 11 மணி 5 நிமிஷத்துக்குப் பிறந்த குழந்தைக்கு லக்னமே வேறு வீடு. அங்கே ஜாதகம் கணிக்கக் கொடுப்பவர்கள், முதலில் ஆஸ்பத்திரிக் கடிகாரம் சரியாக ஓடியதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.