விலை பழைய காருக்கு... செலவு புதிய காருக்கு!

'வாழைத்தார், வெல்லம் விற்ற காசும் பழைய டிராக்டரை விற்ற பணமும் சேர்ந்து 9 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. 2015-ம் வருட ஜெர்மன் சொகுசு கார் ஒன்று அதே விலைக்கு வருகிறது. புதிதாக இருந்தபோது 45 லட்சமாம். ''சின்னக் கார் வாங்குகிற காசில் இதை வாங்கிவிடலாம்'' என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். வருடத்துக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு பிடிக்கும்? கிணற்று மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் இந்த வருடம் மாற்ற வேண்டியிருக்கிறது.'

- வாசகர், ஜேடர்பாளையம்

கையில் 9 லட்சம் மட்டும் இருந்தால், 9 லட்சத்துக்கு சொகுசு கார் வாங்கக் கூடாது. காருக்குக் கொடுத்ததுபோக அதன் விலையில் மூன்றில் ஒரு பங்காவது தனியாக எடுத்துவைக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். அந்தப் பணம் மோட்டாருக்கும் சொட்டுநீருக்கும் ஒதுக்கியதாக இருக்கக் கூடாது.

காரணம் எளிது. வருடம் ஆக ஆக, காரின் விலை இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. இன்சூரன்ஸ் கணக்கிலேயே கார் 6 மாதத்துக்குள் 5 சதவிகிதமும், ஒரு வருடத்துக்குள் 15 சதவிகிதமும், 4 முதல் 5 வருடத்தில் 50 சதவிகிதமும் மதிப்பு இழக்கிறது. ஆனால், அந்த காரின் முகப்பு விளக்கு உடைந்தால், '5-ல் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய கார்தானே' என்று கடைக்காரர் விளக்கையும் 5-ல் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்க மாட்டார். 45 லட்ச ரூபாய் காருக்கு என்ன விலையோ, அதுதான் இதற்கும். அதிகம் கறக்கும் கலப்பின மாட்டைப் பேரம் பேசிக் குறைத்து வாங்கலாம். அது தின்னும் தீவனத்துக்குப் பேரம் பேச முடியாது.

நாமக்கல் லாரிக்காரர்களும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களும் பழைய வண்டியை வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதில்லை. டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ், இன்ஜின் வேலை என்று கிலோமீட்டருக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுவார்கள். சொந்தக் காருக்கும் அதே கணக்குதான். லாரி சம்பாதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். காருக்கு தோட்டம்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போடும் முறைக்காக ஓர் உதாரணம் (வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டம், டீசல் நீங்கலாக):

ஆயில், ஃபில்டர், வழக்கமான சர்வீஸ் - 35,000 ரூபாய்.

இன்சூரன்ஸ் - 35,000 ரூபாய்.

டயர் (ஒன்று 20,000 வீதம் நான்கு, 4 வருடத்துக்கு ஒருமுறை) - 20,000 ரூபாய்.

பிரேக் பேட், டிஸ்க் - 15,000 ரூபாய்.

பேட்டரி (28,000, 4 வருடத்துக்கு ஒருமுறை) - 7,000 ரூபாய்.

திடீர் பழுதுக்கு ஒதுக்கீடு - 75,000 ரூபாய்.

ஆக மொத்தம் 1,87,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 18 ரூபாய் 70 காசு. 5 வருடத்துக்கு 9,35,000 ரூபாய். அதாவது, காரை இன்னொரு முறை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். மாடலைப் பொறுத்து இந்தத் தொகை கூடும், குறையும். வாங்க நினைக்கும் காரின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விலை கேட்டு, இதே பட்டியலை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் கடைசியாக இருக்கும் திடீர் பழுதுதான் ஆளைச் சாய்ப்பது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை உள்ள காரில் பை கசிந்தால், கார் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதி, டர்போ, இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று போனாலும் செலவு லட்சத்தைத் தொடலாம். ஊர் மெக்கானிக் கையிலெடுக்கத் தயங்கினால், வண்டியில் ஏற்றி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோவைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த வாடகையும் செலவுதான்.

தோட்டத்து வீட்டுக்கென்றே சில செலவுகள் உண்டு. தேங்காய், வெல்லம், தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். கார் நாலு நாள் நின்றால் பானெட்டுக்குள் கூடு கட்டி, ஒயரைக் கடிக்கும். சொகுசு காரில் ஒயர் வெறும் ஒயர் அல்ல. ஒன்று அறுந்தால் நான்கு கருவிகள் வேலை செய்யாது. அடுத்து, குறுகிய ஓட்டம். தோட்டத்துக்கும் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கும் மட்டும் போய்வந்தால், புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் காரில் அது போதுமான அளவு சூடேறாது. கரியை எரிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும். ராஜா வாய்க்கால் கரையோரத்து மண் பாதையில் தாழ்வான காரின் அடிப்பகுதி தட்டுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று சொல்வார்கள். தேய்மானத்தால் வரும் பழுதுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. விபத்து என்றாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவிகிதம் கழித்துத்தான் கொடுப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு, 5 முதல் 10 வருடக் காருக்கு 40 சதவிகிதமும், 10 வருடத்தைத் தாண்டியதற்கு 50 சதவிகிதமும் கழிவு. கழிவு பிடிக்காத பாலிசி பழைய காருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆக, பம்பரும் விளக்கும் உடைந்தால் பாதிச் செலவு சொந்தப் பணம்.

இந்த வாசகரைப் பொறுத்தவரை, முதலில் மோட்டார், சொட்டுநீர். மீதியில் ஊர் மெக்கானிக் கைவைக்கக்கூடிய, உதிரிபாகம் வேலூரிலோ நாமக்கல்லிலோ கிடைக்கக்கூடிய கார். மோட்டார் நின்றால் வாழை ஒரு வாரம்கூடத் தாங்காது. சொகுசு கார் அடுத்த வருடமும் விலைக்கு வரும், இதைவிடக் குறைவாகவே வரும்.

---

'டெல்லி கார்கள் பாதி விலைக்கு வருகின்றன. வாங்கலாமா?'

- வாசகர், பரமத்தி வேலூர்

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களையும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களையும் ஓட்டத் தடை விதித்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அங்கே ஓட்ட முடியாமல்போன கார்கள் மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வந்ததற்கு அதுதான் காரணம். கார் மலிவு என்பது உண்மை. மொத்தச் செலவு மலிவா என்று பார்க்க வேண்டும்.

வேறு மாநிலப் பதிவெண் உள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால், தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். காரின் வயதுக்கேற்ற ஆயுள் வரியையும் இங்கே கட்ட வேண்டும். முதல் உரிமையாளர் அங்கே கட்டிய வரி, இங்கே கழிக்கப்படாது. பதிவாகி 15 வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாகவும் இறக்குமதி காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்றும் பார்ப்பது அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய சொகுசு கார்கள் பல, முழு இழப்பாகக் கணக்கிடப்பட்டு ஏலத்துக்கு வந்தன. அப்படிப்பட்ட கார் மெருகேறி மீண்டும் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டலோ துருவோ இருக்கிறதா, தரை விரிப்புக்கு அடியில் ஈரவாடை வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால், சொந்தக் காருக்கான இழப்பீடு சிக்கலாகும். பழைய உரிமையாளரின் 'நோ கிளைம் போனஸ்' காரோடு வராது.

---

'ஏற்கெனவே பழைய சொகுசு கார் வைத்திருக்கிறேன். செலவைக் குறைக்க வழி உண்டா?'

- வாசகர், மோகனூர்

ஆயிலில் மிச்சம் பிடிக்கக் கூடாது. டிராக்டருக்கு வாங்கிய ஆயிலை காருக்கு ஊற்றினால், நூறு ரூபாய் மிச்சம் லட்ச ரூபாய் இழப்பில் முடியும். கையேட்டில் போட்டிருக்கும் தரம்தான் ஊற்ற வேண்டும். மிச்சம் பிடிக்கும் இடம் வேறு. கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள், அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. ஃபில்டர், பிரேக் பேட், சென்சார் போன்றவற்றை அப்படி வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். அந்த கம்பெனி கார்களுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக் கிடைத்தால், கூலியும் குறையும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சந்தை முடியட்டும் என்று ஓட்டக் கூடாது. கூலன்ட் குழாய் கசிவைச் சில ஆயிரத்தில் முடிக்கலாம். சூடேறி இன்ஜின் ஹெட் வளைந்தால் லட்சம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். தென்னைக்கு அடியிலும் தீவனக் கொட்டகையிலும் நிறுத்தக் கூடாது.

செலவு ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். ஒரு வருடப் பழுதுச் செலவு, காரின் அன்றைய விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அடுத்த பெரிய பழுதுக்குக் காத்திருக்காமல் ஓடும் நிலையிலேயே விற்றுவிடுவது நல்லது. நின்றுபோன சொகுசு காருக்குச் சந்தையில் மரியாதை இல்லை.