கோல்ப் வீரரின் முதுகும் மூட்டை சுமப்பவரின் முதுகும்

கோல்ப் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். பரந்த புல்வெளியில் ஒரு சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, ஒன்றன்பின் ஒன்றாக 18 குழிகளில் போடும் ஆட்டம் அது. சீமான்கள் வளர்த்த ஆட்டம். அது எப்படியோ போகட்டும். ஆனால் அந்த ஆட்டக்காரர்களின் தேகப்பயிற்சியை வைத்து ஓர் உபதேசம் நடக்கிறது. சாம்பியன் விடியுமுன் எழுகிறாராம், எடை தூக்குகிறாராம், அளந்து சாப்பிடுகிறாராம், அதனால் ஜெயிக்கிறாராம். ஆகவே உடம்பு என்பது அவரவர் மனஉறுதியைப் பொறுத்ததாம்! அப்படியானால் முதுகு வலிக்கிறது என்று சொல்லும் மில் தொழிலாளி யார்? நடவு முடிந்து நிமிர முடியாமல் நிற்கும் பெண் யார்? மனஉறுதி இல்லாதவர்களா? இந்த இடத்தில்தான் நமக்குச் சம்பந்தம் வருகிறது.

பயிற்சி வீண் என்று நாம் சொல்லவில்லை. பந்தை 300 கஜம் அனுப்பும் வேகம் கையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்துகிறது. அந்த விசை தொடை, இடுப்பு, நடுவுடம்பு, தோள் என்று ஏறிக் கடைசியில்தான் மட்டைக்கு வந்து சேருகிறது. கோடாலி பிடித்தவர்களுக்கும் களத்தில் கதிர் அடித்தவர்களுக்கும் இது புதுச் செய்தி அல்ல. ஆகவே பயிற்சியாளர்கள் தொடைக்கும் இடுப்புக்கும் எடை தூக்கச் செய்கிறார்கள். கனத்த பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியச் செய்கிறார்கள். இடுப்பு மூட்டும் மேல்முதுகும் தாராளமாகத் திரும்பும்படி பழக்குகிறார்கள். அவை இறுகிப்போனால் திருகல் முழுவதையும் அடிமுதுகு தாங்க வேண்டி வரும். ஒரே பக்கமாக, ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான தடவை திருகும் தொழில் இது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மிகுதியாகச் சேதமாகும் இடமும் அடிமுதுகுதான்.

டைகர் உட்ஸ் என்ற அமெரிக்க வீரருக்கு 2017 ஏப்ரலுக்குள் முதுகில் நான்கு ஆப்பரேஷன் நடந்தது. நான்காவதில் முதுகெலும்புக் கணுக்களைச் சேர்த்துப் பிணைத்தார்கள். 2019இல் அவர் மாஸ்டர்ஸ் பந்தயத்தை மறுபடி ஜெயித்தார். மனஉறுதிதான், மறுக்கவில்லை. அதோடு தேர்ந்த சர்ஜனும், மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்க வசதியும் இருந்தன. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? ஒரு புட்டி தைலம். லீவு போட்ட நாளுக்குக் கூலி வெட்டு.

அந்தப் புல்வெளியிலேயே, வீரருக்குப் பின்னால் இன்னொருவர் நடக்கிறார். பெயர் 'கேடி'. (நம் ஊர்ப் போலீஸ் அகராதியில் இதற்கு வேறு பொருள்!) மட்டைகள் நிறைந்த பையைச் சுமப்பது அவர் வேலை. பை ஏறக்குறைய 20 கிலோ. பந்தயம் நான்கு நாள்; நாளொன்றுக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலே மேடும் பள்ளமும். முன்னால் போகிறவர் கை வீசி நடக்கிறார். அவர் முதுகுக்கு ஒரு பயிற்சியாளர், சாப்பாட்டுக்கு ஒரு நிபுணர். பையைச் சுமக்கும் முதுகுக்கு யார்? பெரிய சாம்பியன்களின் கேடிகளுக்கு நல்ல பணம் என்பார்கள். உண்டு, ஒரு சிலருக்கு. விளம்பரம் பொறித்த மேலங்கியை எங்கள் மேல் மாட்டிவிட்டு, அந்த விளம்பரப் பணத்தில் பங்கு தர மறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கேடிகள் 2015இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016இல் வழக்குத் தள்ளுபடி. 2018இல் அப்பீல் கோர்ட்டும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தது. முதுகில் பை, மார்பில் விளம்பரம், கையில் பூஜ்யம்!

இனி, இந்தத் தேகப்பயிற்சியின் மூலபுருஷர் என்று கொண்டாடப்படுகிறவரைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்க வெள்ளையர் கேரி பிளேயர். எடை தூக்கினால் தசை இறுகி ஆட்டம் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்த காலத்தில் பிடிவாதமாக எடை தூக்கியவர். 1965இல், 29ஆம் வயதில், நான்கு பெரிய பந்தயங்களையும் ஜெயித்தவர் என்ற பெயர் பெற்றார். அவர் தகப்பனார் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன் உழைத்து முன்னேறினால் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தச் சுரங்கங்களில் கல் உடைத்த கறுப்புத் தொழிலாளிகளும் தினந்தோறும் எடைதான் தூக்கினார்கள். அவர்களுக்கு உடம்பு வளர்ந்ததா? கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகியது. பஞ்சுத் தூசியை விழுங்கி இருமும் நம் மில் தோழர்களுக்கு அது விளக்காமலே புரியும். 1965 முதல் வேலை செய்தவர்களுக்கு நஷ்டஈடாக 500 கோடி ராண்ட் தரும் ஒப்பந்தத்தை ஜோகன்னஸ்பர்க் கோர்ட்டு ஒப்புக்கொண்டது 2019இல்! அதற்குள் எத்தனை பேர் மூச்சு நின்றுபோயிருக்கும்?

அதே நாட்டில் பப்வா செவ்கோலம் என்றொரு கேடி இருந்தார். 1860இல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் முதலாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட இந்தியக் கூலிகளால் உருவான சமூகத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. வெள்ளைக்காரர் பையைச் சுமந்துகொண்டே ஆட்டத்தைக் கற்றார். உலகமே இடது கையை மேலே வைத்துப் பிடிக்கும் மட்டையை இவர் வலது கை மேலே, இடது கை கீழே வைத்துப் பிடித்தார். தவறு என்று திருத்துவதற்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அந்தப் பிடியோடேயே 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹாலந்து நாட்டின் ஓப்பன் பந்தயத்தை வென்றார்.

1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பன் பந்தயத்தை ஜெயித்தார். மழை கொட்டியது. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் நின்றார்கள். இந்தியரான சாம்பியன் அங்கே நுழையக் கூடாது. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் அதே பந்தயத்தில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். ஆம், எடை தூக்கி வளர்ந்த உடம்பை மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு ஜெயித்தது. நிறவெறி சர்க்கார் என்ன செய்தது? வெள்ளையர் ஆடும் பந்தயங்களில் ஆட அவருக்குப் பெர்மிட் மறுத்தது. மனஉறுதி போதனையாளர்களே, எந்த எடையைத் தூக்கினால் பெர்மிட் கிடைக்கும்?

பிளேயர் அப்போது என்ன சொன்னார்? 1966இல் வெளிவந்த தம் புத்தகத்தில் நிறவெறி ஆட்சியின் பக்கம்தான் தாம் என்று எழுதினார். 1969இல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் மைதானத்திலேயே எதிர்ப்பாளர்கள் அவர் மேல் ஐஸை வீசினார்கள். பின்னாளில் தாம் எழுதியது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறோம்.

1978 ஏப்ரலில், 42ஆம் வயதில், பிளேயர் மாஸ்டர்ஸ் பந்தயத்தை மூன்றாம் முறையாக ஜெயித்தார். அதே 1978இல் பப்வா செவ்கோலம் செத்துப்போனார். அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை.