அணியமும் அமரமும் திரையில் ஏறுமா?

எஃகு உல்லாசப் படகொன்றை ஒருவரின் விருப்பத்திற்கேற்ப வடிவமைப்பவர் இன்று முதலில் திறப்பது கணினியை. ரைனோ போன்ற மென்பொருளில் படகின் உடலை வரைந்து, தட்டையான தகடுகளாக விரித்து, அந்தக் கோப்பையே வெட்டும் இயந்திரத்திற்கு அனுப்பிவிடலாம். கூடத்தின் தரையில் முழு அளவில் கோடு வரையும் பழைய வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை மாறவில்லை: தகடு ஒரு திசையில் எளிதாக வளையும், இரு திசைகளிலும் வளைய வேண்டுமெனில் அதை உருட்டியோ அடித்தோ நீட்டியாக வேண்டும்.

ஒட்டுப்பலகைக்கும் இதே விதிதான். 1980களில் முட்டத்திலிருந்து பரவிய ஒட்டுப்பலகை மீன்பிடிப் படகுகள் இவ்விதிக்குள் பிறந்தவையே. ஆகவே, பாலராமபுரத்திற்கு அருகிலுள்ள விழிஞ்ஞம், பூவாறு கரைகளுக்கு இம்மென்பொருளின் வடிவகணிதம் புதிதன்று. அந்நியமாயிருப்பது அதன் மொழி.

படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். தமிழிலும் மலையாளத்திலும் இவையே வழக்கு. 1956இல் நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்க, விளவங்கோடு தமிழ்நாட்டிற்குச் சென்றது; இச்சொற்கள் பிரியவில்லை. அலையை எதிர்கொள்ள அணியம் எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஓடாவி இச்சொற்களால்தான் சொல்வார். வரைபவரிடம் அது வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. அகராதி ஏரா, வங்கு என்பவற்றிற்குப் பொருள் தரும்; கோணம் தராது.

ஓடாவியைத் திரையருகே அமர்த்தி, எச்சொல் எக்கோட்டைக் குறிக்கிறது என்று பதிவுசெய்வது மொழியியலாரின் வேலை. கப்பல் தொழில்நுட்பத் துறைகள் கேட்கும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?